காலை முடிவு செய்தபின் பலகையை அறுங்கள்

மடக்கு மேசை செய்ய நினைக்கிறவர்கள் பெரும்பாலும் பலகையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அலமாரி செய்தபோது மிஞ்சிய ப்ளைவுட் துண்டு பரண்மேல் கிடக்கும். வீட்டை மாற்றிக் கட்டியபோது கழற்றிய கதவு மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருக்கும். அதற்கு நாலு கால் வாங்கி முடுக்கினால் மேசை ஆயிற்று என்று ஹார்டுவேர் கடைக்குப் போவார்கள். கடைக்காரரும் கையிருப்பில் உள்ள காலை எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து பலகையைக் கவிழ்த்துப் போட்டு வைத்துப் பார்க்கும்போதுதான் சங்கதி தெரியும்: ஒரு பக்கத்துக் காலை மடக்கிவிட்டால் மறுபக்கத்துக் கால் படுக்க இடமில்லை.

சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நான் செய்து கொடுத்தவை, பிறர் செய்து ஆட்டம் கண்டு என்னிடம் வந்தவை என்று மடக்கு மேசைகளோடு பழகியதில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று உண்டு. இந்த மேசையின் நீளம், அகலம், கனம் எல்லாவற்றையும் தீர்மானிப்பது கால்தான். பலகை அதற்கு அடங்கிப் போக வேண்டியது.

கணக்கு எளிது. நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதவோ சாப்பிடவோ மேசையின் உயரம் 29 முதல் 30 அங்குலம். அதில் பலகையின் கனம் முக்கால் அங்குலம் போனால், கால் 28 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். கடைகளில் 710 மி.மீ. என்று விற்கும் கால் ஏறத்தாழ இந்த அளவுதான். இரண்டு பக்கத்துக் கால்களும் உள்நோக்கி மடங்கிப் படுத்தால் 56 அங்குலம். கீல்கள் பலகையின் இரு முனையிலிருந்தும் ஆறு அங்குலம் தள்ளியிருந்தால் அந்தப் பன்னிரண்டையும் சேர்த்து 68. ஆறடிப் பலகை 72 அங்குலம் என்பதால் இரண்டும் முட்டாமல் படுக்கும். ஐந்தடிப் பலகையில் கீலை முனைக்கு மிகவும் நெருக்கி வைத்தால் ஒழிய இது நடக்காது. நாலடியில் நடக்கவே நடக்காது. ஆனால் நம் வீடுகளில் எல்லோரும் கேட்பது நாலடி மேசையைத்தான்.

நாலடிக்கு வழி இல்லாமல் இல்லை. ஒரு பக்கத்துக் கால்களை மட்டும் ஒன்றேகால் அங்குலக் கனமுள்ள ரீப்பர் கட்டையின்மேல் ஏற்றிப் பொருத்துவது ஒரு வழி. கால் குழாய் ஓரங்குலம் என்பதால், முதல் ஜோடி பலகையை ஒட்டிப் படுத்தபின் இரண்டாவது ஜோடி அதன்மேல் தாராளமாகப் படுக்கும். ஏற்றிய அளவுக்கு அந்த ஜோடிக் காலைக் குறைத்து அறுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மற்றொரு வழி, ஒரு ஜோடியை அகலமாகவும் இன்னொன்றைக் குறுகலாகவும் செய்து ஒன்றுக்குள் ஒன்று படுக்க விடுவது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அகலமான ஜோடியின் இரு காலையும் இணைக்கும் குறுக்குக் குழாய், பலகைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது கீழே தரைப்பக்கம் இருந்தால் குறுகலான ஜோடி வந்து அதன்மேல் இடித்துக்கொள்ளும். வெல்டிங் பட்டறையில் இதைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எந்த வகைக் கால் என்று கேட்டால், கடைக்குப் போகும் முன் பக்கத்துத் தெருவில் சாமியானா, பாத்திரம் வாடகைக்கு விடுகிற இடத்துக்குப் போய் அங்கே அடுக்கியிருக்கும் பந்தி மேசையைக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்வேன். லாரியில் எறிந்து, மண்டபத்துத் தரையில் இழுத்து, ஒரே நாளில் பல பந்திக்கு விரித்து மடக்கி, அதற்கு நடக்கிற கொடுமை வீட்டு மேசைக்கு ஒரு நாளும் நடக்காது. அதைத் தாங்கி நிற்கிற அமைப்பு எப்படி இருக்கிறது? இரண்டு காலும் ஒரே வளைந்த குழாய், அல்லது குறுக்குக் குழாயால் பற்றவைத்த ஜோடி. அதிலிருந்து பலகையின் நடுப்பக்கம் நோக்கிச் சாய்வாக ஏறும் ஒரு தாங்கு பட்டை. அந்தப் பட்டையின் நடுவில் ஒரு மூட்டு. விரித்து நிறுத்தியதும் மூட்டின்மேல் தானாக வழுக்கி விழுந்து பூட்டும் ஒரு வளையம். சிலதில் வளையத்துக்குப் பதில் கொக்கி. இவ்வளவுதான். இதைவிட அழகான காலெல்லாம் கடையில் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் மடங்கும் தனித்தனிக் கால்களைப் பளபளவென்று மாட்டி வைத்திருப்பார்கள். தரையில் சம்மணமிட்டு எழுதும் குட்டி மேசைக்கு, பத்துப் பன்னிரண்டு அங்குல உயரத்துக்கு, அவை நன்றாகவே இருக்கும். 28 அங்குலத்துக்கு அவற்றை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

காரணம் நெம்புகோல். தனிக்கால் ஒன்று பலகையோடு மூன்று அங்குல நீளத் தகட்டால் இணைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேசையைத் தூக்காமல் இழுக்கும்போது காலின் அடி தரையில் சிக்கி, ஐந்து கிலோ அளவுக்கு எதிர்க்கிறது. 28 அங்குலக் கால் அந்த ஐந்து கிலோவை ஒன்பது மடங்குக்கு மேல் பெருக்கி, தகட்டின் ஸ்க்ரூக்களைக் கிட்டத்தட்ட 47 கிலோ விசையோடு பிடுங்குகிறது. அதே இழுப்பு அகலவாட்டில் ஒரு ஜோடிக் காலின்மேல் விழுந்தால், இரண்டு கீலுக்கும் இடையே இருபது அங்குலம் இருப்பதால் பிடுங்கும் விசை ஏழு கிலோதான். நீளவாட்டில் தாங்கு பட்டை பார்த்துக்கொள்கிறது. மண்டப மேசை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இந்த ஒரு கணக்குப் போதும்.

தாங்கு பட்டை எங்கே பிடிக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். கடையில் காலை விரித்து நிறுத்தி, அடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கீல், ரிவெட் எதுவானாலும் கொஞ்சம் இடைவெளி இருக்கத்தான் செய்யும். பட்டை கீலிலிருந்து பத்து செ.மீ. தூரத்திலேயே காலைப் பிடித்தால், அங்கே இருக்கும் ஒரு மி.மீ. ஆட்டம் 70 செ.மீ. கீழே தரையில் ஏழு மி.மீ. ஆகிவிடும். காலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது கீழே இறங்கிப் பிடித்தால் அது மூன்று மி.மீ. அளவில் நின்றுவிடும். எழுதும்போது எரிச்சலூட்டும் ஆட்டத்துக்கும் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ரொம்பக் கீழே இறக்கினாலும் தொல்லை. பக்கவாட்டில் உட்காருகிறவர் முழங்காலில் இடிக்கும். நாலடி மேசையில் இரண்டு பக்கமிருந்தும் பட்டை உள்ளே நீள்வதால், நடுவில் ஒருவர் உட்காரவே இடம் ஒடுங்கும். யார் எந்தப் பக்கம் உட்காரப் போகிறார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பட்டறையில் செய்வதென்றால் ஓரங்குலக் குழாய், 18 கேஜ். அதாவது சுவர் 1.2 மி.மீ. கனம். 20 கேஜ் குழாய் 0.9 மி.மீ. தான், பற்றவைக்கும்போதே ஓட்டை விழும், கீல் துளை நாளடைவில் நீள்வட்டமாகிவிடும். "சார், பதினெட்டு போதும், பதினாறு போட்டா அப்புறம் மேசையைத் தூக்க ஒரு ஆள் வெச்சுக்கணும்" என்பார் நான் வழக்கமாகப் போகும் பட்டறைக்காரர். அவர் சொல்வது சரி. மடக்கு மேசை கனத்தால் சாகும். தூக்கச் சிரமமாக இருந்தால் வீட்டில் அதை யாரும் மடக்குவதே இல்லை. 4-க்கு 2 அடி, 18 மி.மீ. ப்ளைவுட் ஒன்பது கிலோ அளவுக்கு வரும். கால்களோடு சேர்த்துப் பதினைந்துக்குள் நிறுத்தினால் ஒருவரே தூக்கிக்கொண்டு போகலாம். ஏழடிக்கு மூன்றடி ஃபிளஷ் கதவு, உள்ளே கட்டை நிறைத்ததாக இருந்தால், தனியாகவே முப்பது கிலோவைத் தாண்டும். உள்ளே வெற்றிடமாக இருந்தால் கனம் குறைவு, ஆனால் ஸ்க்ரூ பிடிக்க ஒன்றுமே இருக்காது. பழைய கதவை மேசையாக்கும் ஆசை வந்தால் முதலில் விரலால் தட்டிப் பாருங்கள்.

எடையைக் குறைக்க 12 மி.மீ. பலகை போடலாமே என்று தோன்றும். விறைப்பு கனத்தின் மும்மடிப்படி ஏறுவது. ஒன்றரை மடங்கு தடித்த 18 மி.மீ. பலகை, 12-ஐவிட மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பாக நிற்கும். 12 மி.மீ. போடுவதானால் சுற்றிலும் அடியில் ரீப்பர் சட்டம் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்தால் அந்தச் சட்டத்தின் ஆழம் மடங்கிய காலின் கனத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும். கால் உள்ளே ஒளிந்துகொண்டால் மேசையைச் சுவரோடு ஒட்டி வைக்கலாம், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம். தரம் பற்றி ஒரு வரி: வீட்டுக்குள் என்றால் ஐஎஸ் 303 முத்திரை போதும், மொட்டை மாடிக்கும் சமையலறைக்கும் ஐஎஸ் 710. பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். அது நிலையாக நிற்கும் அலமாரிக்கு உள்ள பொருள். திரும்பத் திரும்பப் பிடுங்கும் விசையில் ஸ்க்ரூவைத் தூளோடு சேர்த்துக் கையில் கொடுத்துவிடும்.

கீலை முனையிலிருந்து எவ்வளவு உள்ளே வைப்பது? இங்கே இரண்டு நியாயங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன. பலகை தொய்யாமல் இருக்க வேண்டுமானால் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக உள்ளே வைக்க வேண்டும். ஆறடியில் சுமார் 16 அங்குலம். ஆனால் ஒருவர் முனையில் கையூன்றினால் மேசை கவிழக் கூடாது. கால்களோடு 20 கிலோ உள்ள ஆறடி மேசையில் கால் 16 அங்குலம் உள்ளே இருந்தால், முனையில் 25 கிலோ அழுத்தினாலே மறுமுனை தூக்கிக்கொள்ளும். ஒரு பையன் எம்பி உட்கார்ந்தால் போதும். பத்து அங்குலம் உள்ளே இருந்தால் 52 கிலோ தாங்கும். நான் கவிழாததன் பக்கம்தான் நிற்பேன். தொய்வுக்கு நடுவில் நெடுக ஒரு ரீப்பர் அடித்துக்கொள்ளலாம், கவிழ்வதற்கு அப்படி மருந்து இல்லை. மேலே இடம் குறித்த கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், ஆறடிக்கு ஆறிலிருந்து எட்டு அங்குலம் என்பது எல்லோருக்கும் ஒத்துவரும்.

இனி ஸ்க்ரூ. மேசை செய்கிறவர் காலின் இரும்பைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிடலாம். ஒடிந்த இரும்புக் காலை நான் பார்த்தது அரிது. என்னிடம் வந்த மேசைகளில் போனதெல்லாம் காலும் பலகையும் சேரும் இடம். 18 மி.மீ. பலகையில் ஸ்க்ரூ மரத்துக்குள் 15 மி.மீ. போகலாம், அதற்குமேல் போனால் மேலே மைக்காவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கும். 15 மி.மீ. பிடிமானம் தினமும் மடக்குகிற காலுக்குப் போதாது. கீல் வரும் இடத்திலும் தாங்கு பட்டை முடியும் இடத்திலும் 12 மி.மீ. ப்ளைவுட் துண்டு ஒன்றை, கீல் தகட்டைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக அறுத்து, பெவிகால் பூசி இறுக்கி ஒட்டிவிடுங்கள். ஓர் இரவு காயட்டும். இப்போது கனம் 30 மி.மீ.; ஓரங்குல எட்டாம் நம்பர் ஸ்க்ரூ தைரியமாக இறங்கும். இந்தத் துண்டுகள் நாலு கீலுக்கும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும், மேலே சொன்ன ஏற்றுக் கட்டை வரும் இடம் தவிர. முன்துளை 3 மி.மீ. பிட்டில் போட்டுவிட்டு முடுக்குங்கள். சுத்தியலால் தட்டி ஸ்க்ரூ இறக்குகிற ஆசாரி யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இதைவிட உறுதி வேண்டுமானால் டி-நட்டு. மைக்கா ஒட்டுவதற்கு முன் பலகையின் மேற்புறத்திலிருந்து துளையில் தட்டி இறக்கிவிட்டு, கீழிருந்து 6 மி.மீ. போல்ட்டை முடுக்குவது. போல்ட் இழுக்க இழுக்க டி-நட்டு மரத்தை இன்னும் கவ்வும். பிடுங்கிக்கொண்டு வர முழுப் பலகையும் உடைய வேண்டும். பிறகு மைக்கா ஒட்டினால் மேலே ஒன்றும் தெரியாது. காலைக் கழற்றி மாட்டவும் சௌகரியம். போல்ட்டின் நீளத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டும்: மரத்தின் கனம், தகட்டின் கனம், வாஷர் மூன்றையும் கூட்டிய அளவை ஒரு நூலும் தாண்டக் கூடாது. மைக்கா பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டினால் பலகை மெல்ல வளையும். அடியிலும் மெலிதான ஒன்றை ஒட்டச் சொல்லுங்கள். கீல் துண்டுகளை அதற்கு முன்பே ஒட்டிவிட்டு, அவற்றைச் சுற்றி அறுத்து ஒட்டுவதுதான் முறை.

பொருத்துவதற்குத் தரையில் பழைய பாயை விரித்துப் பலகையைக் கவிழ்த்துப் போடுங்கள். ஒரு நீள விளிம்பில் மூலைமட்டத்தை வைத்து, அகலவாட்டில் நேர்கோடு இழுங்கள். ஒரு ஜோடியின் இரண்டு கீல்களின் அச்சும் அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். ஒன்று இரண்டு மி.மீ. விலகினாலும் கால் பாதி மடங்கி அங்கேயே முறுக்கிக்கொண்டு நிற்கும், பலத்தைக் காட்டினால் ஸ்க்ரூ வாங்கும். இரண்டு ஜோடிக்கும் கோடு போட்டபின் கீல்களின் மூலைவிட்டங்களை டேப்பால் அளந்து ஒப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டே ஸ்க்ரூ, அதுவும் முழுக்க முடுக்காமல்.

தாங்கு பட்டையின் மறுமுனையை அளந்து குறிக்காதீர்கள். காலை நிமிர்த்தி, பட்டையை முழு நேராக நீட்டி, வளையத்தை இறக்கிப் பூட்டி, அந்த நிலையில் அதன் தகடு பலகையில் எங்கே வந்து உட்காருகிறதோ அங்கே பென்சிலால் சுற்றி வரையுங்கள். காலைச் செங்குத்தாக நிறுத்தாமல் மூன்று நாலு டிகிரி வெளிப்பக்கம் சாய்த்து நிறுத்துவது என் வழக்கம். இரும்புப் பட்டை கயிற்றைப் போல. இழுத்தால் எவ்வளவும் தாங்கும், தள்ளினால் மடங்கும். கால் வெளியே சாய்ந்திருந்தால் மேசையின்மேல் வைக்கும் பாரம் காலை இன்னும் விரிக்கப் பார்க்கும், பட்டை இழுபட்டு விறைப்பாக நிற்கும். உள்ளே சாய்ந்திருந்தால் அதே பாரம் பட்டையின் மூட்டை நெம்பிவிடும், வளையம் ஒன்றுதான் காவல். மூட்டில் நட்டு போல்ட் போடுவதானால் நைலாக் நட்டு போடுங்கள்; சாதா நட்டு மடக்கி விரிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே போகும்.

இரண்டிரண்டு ஸ்க்ரூவில் மேசையை நிமிர்த்திப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக மடங்குகிறதென்றால் மீதி ஸ்க்ரூக்களை இறக்கலாம். நாலு கால் மேசை தரையில் ஆடினால் உடனே காலை அறுக்கக் கிளம்ப வேண்டாம். முதலில் மேசையை அதே இடத்தில் தொண்ணூறு டிகிரி திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆடும் கால் மாறிவிட்டால் கோளாறு தரையில். அதே கால் ஆடினால் கோளாறு மேசையில். ரப்பர் புஷ்ஷைக் கழற்றி உள்ளே ஒன்றிரண்டு வாஷர் போட்டு மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மொட்டை மாடிக்கு இது எடுபடாது. மழைநீர் வடிய அங்கே வாட்டம் கொடுத்துத்தான் தளம் போட்டிருப்பார்கள், எந்த மேசையும் சாயத்தான் சாயும். அங்கே பயன்படுத்தும் மேசையில் தாழ்ந்த பக்கத்து ஜோடிக்குத் திருகி உயர்த்தும் அடிக்குமிழ் வைப்பது உத்தமம்.

அந்த ரப்பர் புஷ்தான் இரும்புக் காலுக்கு எமன் என்பதையும் சொல்ல வேண்டும். வீடு துடைக்கும் தண்ணீர் அதற்குள் ஏறி வெளியே வர வழியில்லாமல் நிற்கும். குழாயை அடியிலிருந்து துரு தின்னும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இன்னும் வேகமாக. புஷ்ஷை மாட்டும் முன் குழாயின் அடிவாயிலும் உள்ளேயும் ரெட் ஆக்சைடு இரண்டு கை பூசி விடுங்கள். பவுடர் கோட்டிங் செய்த கால் என்று நம்பி இருக்காதீர்கள், அறுத்த வாயில் கோட்டிங் இருக்காது.

மடக்கியதைச் சுவரில் சாய்த்து வைப்பது எல்லோர் வீட்டிலும் நடக்கிறது. சாய்வாகவே மாதக்கணக்கில் நின்றால் ப்ளைவுட் வளைந்துவிடும். நீள விளிம்பு தரையில் படும்படி, செங்குத்தாக, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலோ பீரோவுக்குப் பின்னாலோ செருகிவிடுங்கள். மடங்கிய கால்களை ஒரு பெல்ட்டால் கட்டிவிட்டால் தூக்கும்போது பாதியில் விரிந்து விரலை நசுக்காது. குழந்தைகள் உள்ள வீட்டில் இது கட்டாயம்.

மடக்குக் கால் பொருந்தாத இடங்களும் உண்டு. என் அக்கா வீட்டில் தையல் வேலைக்கு மேசை கேட்டபோது, துணி வெட்ட மட்டும் மடக்கு மேசை செய்து கொடுத்தேன். நின்றுகொண்டு வெட்டுவதால் உயரம் 35 அங்குலம்; முழங்கையை மடக்கி நின்று, அதற்கு நாலு அங்குலம் கீழே அளந்த கணக்கு. அந்த உயரத்துக் காலுக்கு ஆறடிப் பலகையே பற்றாமல், ஒரு ஜோடியை ரீப்பர்மேல் ஏற்றித்தான் மடக்கினோம். "மிஷினையும் இதுமேலயே வெச்சுக்கறேன்டா, இடம் மிச்சம்" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மோட்டார் ஓடும் அதிர்வில் எந்த ரிவெட்டும் நாளடைவில் தளரும், தைக்கிற கோடும் நடுங்கும். மிஷின் அதன் பழைய ஸ்டாண்டிலேயே இருக்கிறது. வெட்டும் மேசையின் ஸ்க்ரூக்களை முதல் மாதம் முடிந்ததும் ஒரு முறை முடுக்கினேன், மரம் இறுகி உட்கார்ந்த பிறகு எல்லாமே கால் சுற்று வாங்கின. அதற்குப்பின் தீபாவளிக்கு முன்பு ஒரு தரம் ஸ்க்ரூ டிரைவரோடு போய் வருகிறேன்.